‘கூலி’: ஓர் ஆங்கில வசைச்சொல்லின் வரலாறு

ஆங்கில மொழியில் இனத்தைச் சுட்டி இழிவுபடுத்தும் வசைச்சொற்கள் பல உள. அவற்றுள் ‘கூலி’ என்பது தமிழராகிய நம்மால் தனித்து ஆராயப்பட வேண்டியதொன்றாகும். தென்னாபிரிக்காவிலும், கயானாவிலும், திரினிடாட்டிலும், பிஜியிலும் இந்திய வமிசாவளியினர் மீது எறியப்பட்டு வந்த இச்சொல், ஒலியளவில் நமக்கு நன்கு பழகிய தமிழ்ச் சொல். பொருளளவில் தமிழ்ச் சொல் அன்று. உழைப்பின் விலையைக் குறித்த சொல் உழைப்பவரையே குறிக்கும் வசையாக மாறியது எவ்வாறு? அவ்வசை பின்னர்த் தமிழர் தமிழரை இழித்துரைக்கவும் பயன்பட்டது எவ்வாறு? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழில் வழங்கும் பொருள்

‘கூலி’ தமிழிற் பழமையான சொல். திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619 ஆவது குறளில் அது இடம்பெறுகின்றது. ஊழ் துணை செய்யாதவிடத்தும், ஒருவன் உடலை வருத்தி முயன்ற முயற்சி அதற்குரிய பயனைத் தராமற் போகாது என்பது அக்குறளின் கருத்து. அங்கே கூலி என்பது உழைப்புக்கு உரிமையாய் வந்துசேரும் ஊதியம். இழிவின் சாயல் அதில் இல்லை.

இன்றைய வழக்கிலும் இப்பொருள் நிலைபெற்றுள்ளது. வண்டிக்கூலி, அரைவைக்கூலி, சுமைகூலி, செய்கூலி என்பவற்றில் வேலைக்கு ஈடாகக் கொடுக்கப்படுவது என்பதே பொருள். நகை செய்வித்தோர் செய்கூலியைப் பற்றிப் பேசும்போது பொற்கொல்லரை இழிவுபடுத்துவதாக எவரும் கருதுவதில்லை. உழைக்கும் மனிதரைக் குறிப்பிட வேண்டுமாயின் தமிழ் அச்சொல்லுடன் வேறோர் உறுப்பைச் சேர்க்கின்றது: கூலியாள், கூலிக்காரர், கூலிவேலை செய்பவர். ஊதியம் வேறு, அதனைப் பெறும் ஆள் வேறு என்னும் வேறுபாடு சொல்லமைப்பிலேயே பேணப்படுகின்றது. இவ்வேறுபாட்டை நாம் மனங்கொள்ளல் வேண்டும். பின்னர் நிகழ்ந்த மாற்றம் முழுவதும் இதன் அழிவிலேயே தங்கியுள்ளது.

இதனால் தமிழில் இச்சொல் முற்றிலும் மாசற்றிருந்தது என்று கொள்ளலாகாது. கைக்கூலி, கூலிப்படை ஆகிய தொடர்களும், மனம் ஒன்றாது செய்யும் காரியத்தைக் ‘கூலிக்கு மாரடித்தல்’ என்று கூறும் வழக்கும் இகழ்ச்சிப் பொருளனவே. ஆயின் அவ்விகழ்ச்சி ஒருவரின் செயலைச் சார்ந்தது. அவருடைய பிறப்பையோ இனத்தையோ சார்ந்ததன்று. பிறப்பை இழித்துரைக்கத் தமிழிற் சொற்பஞ்சம் இருந்ததில்லை. சாதிப் பெயர்களே அதற்குப் போதுமாயிருந்தன. ஆகவே, களங்கமற்ற தமிழ்ச் சமூகம் ஒன்றினை ஆங்கிலேயர் வந்து கெடுத்தனர் என்பது நமது வாதமன்று. ஊதியத்தைச் சுட்டிய ஒரு சொல் இனத்தைச் சுட்டும் வசையாக மாறிய வகையையே நாம் நோக்குகின்றோம்.

ஐரோப்பிய மொழிகளிற் புகுந்த வகை

இச்சொல்லை ஐரோப்பிய வழக்கிற் புகுத்தியோர், 16 ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரையோரங்களில் வணிகம் செய்த போர்த்துக்கேயராவர். அதன் பிறப்புப் பற்றி அறிஞரிடையே இருவகைக் கருத்துகள் உள. 1886 இல் யூல், பேர்னெல் ஆகியோர் வெளியிட்ட ‘ஹொப்சன்-ஜொப்சன்’ என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் இரண்டினையும் எடுத்துரைக்கின்றது. குஜராத்தில் வாழும் ‘கோலி’ என்னும் சமூகத்தாரின் பெயரே இதற்கு மூலம் என்பது ஒன்று. தமிழின் ‘கூலி’யே மூலம் என்பது மற்றொன்று. துறைமுகங்களில் ஒலியொப்புமையுடைய இவ்விரு சொற்களும் ஒன்றோடொன்று கலந்திருத்தல் கூடும். மலாய் மொழியிலும் இச்சொல் புகுந்தது. சீன மொழியில் துன்பத்தைக் குறிக்கும் எழுத்தையும் வலிமையைக் குறிக்கும் எழுத்தையும் இணைத்து இச்சொல்லை எழுதினர்.

மூலம் எதுவாயினும், ஆங்கிலத்தில் அது பெற்ற பொருள் ஒன்றே: உடலுழைப்பைத் தவிர வேறெதுவும் இல்லாத ஆசியர். ஒரு பொருளின் பெயர் அதனோடு தொடர்புடைய பிறிதொன்றுக்கு ஆகிவருவதை நம் இலக்கண நூலார் ஆகுபெயர் என்பர். தமிழ்ப் பொருளை வைத்து நோக்கின், ஆங்கிலத்தார் கொண்ட ‘கூலி’ ஊதியத்தின் பெயர் அதனைப் பெறுவோர்க்கு ஆகிவந்ததாகும். ஆகுபெயர் தன்னளவில் இழிவு தருவதன்று. ஆயின் இங்கு ‘ஆள்’ என்னும் உறுப்பு மறைந்தமை தற்செயலான சொற்சுருக்கமாக நின்றுவிடவில்லை. அம்மனிதர் நடத்தப்பட்ட முறைக்கும் அது பொருந்துவதாயிற்று.

ஒப்பந்தமும் வசையும்

பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833 இல் நிறைவேறி, 1834 ஓகஸ்ட் 1 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் புதிய உழைப்பாளரைத் தேடினர். 1834 நவம்பர் 2 ஆம் நாள் 36 இந்தியத் தொழிலாளர் மொரிசியஸிற் கரையிறங்கினர். 1838 மே 5 ஆம் நாள் பிரித்தானியக் கயானாவுக்கு முதற் கப்பல்கள் வந்துசேர்ந்தன. 1860 நவம்பர் 16 ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் நேட்டாலின் டேர்பன் துறையை அடைந்தது; அதிற் சென்றோருட் பெரும்பாலோர் தமிழரும் தெலுங்கருமாவர். 1879 இல் பிஜித் தீவுக்கும் இவ்வாட்பெயர்ச்சி தொடங்கிற்று. இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை அனுப்புவது 1917 இல் நிறுத்தப்பட்டது.

ஒப்பந்தம் வழக்கமாக ஐந்தாண்டுக்குரியது. அதனை மீறுதல் குற்றமாகக் கொள்ளப்பட்டது. அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு நீங்கியவர் சிறை செல்ல நேர்ந்தது. மொரிசியஸில் ஒருநாள் வேலைக்கு வாராதவரின் இருநாள் ஊதியம் வெட்டப்பட்டது. அது ‘இரட்டை வெட்டு’ என வழங்கிற்று. கூலியின் பெயரால் அழைக்கப்பட்டோர் கூலியை முழுமையாகப் பெறவியலாதோராயிருந்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

ஒப்பந்தத் தொழிலாளரின் பெயராயிருந்தது விரைவில் இந்தியர் அனைவரின் பெயராயிற்று. திரான்ஸ்வாலின் 1885 ஆம் ஆண்டு மூன்றாம் இலக்கச் சட்டம், ‘கூலிகள் எனப்படுவோர்’ என்று சுட்டியே இந்தியரின் உரிமைகளைக் கட்டுப்படுத்தியது. நகரங்களில் இந்தியர் ஒதுக்கப்பட்ட குடியிருப்புகள் ‘கூலிக் குடியிருப்புகள்’ எனப்பட்டன. 1893 இல் தென்னாபிரிக்கா சென்ற காந்தியடிகள் ‘கூலி பாரிஸ்டர்’ என அழைக்கப்பட்டதைத் தமது சுயசரிதையிற் பதிவு செய்துள்ளார். பாரிஸ்டர் ஒருவர் நாட்கூலி பெறுபவர் அல்லர் என்பதை அழைத்தவர் அறியாதவரல்லர். அச்சொல் அதற்குள் தொழிலைக் குறிப்பதை விடுத்து, தோலின் நிறத்தைக் குறிக்கத் தொடங்கிவிட்டது.

அதே நூலில் அவர் ‘சாமி’ என்னும் மற்றொரு விளியையும் குறிப்பிடுகின்றார. இராமசாமி, முத்துசாமி போன்ற தமிழ்ப் பெயர்களின் ஈற்றைப் பற்றிக்கொண்டு, வெள்ளையர் இந்தியத் தொழிலாளர் யாவரையும் ‘சாமி’ என இழிவாக விளித்தனர். அச்சொல்லுக்குத் தலைவன் என்பது பொருளாதலின், அவ்வாறு விளிப்போர் தம்மை அறியாமலே விளிக்கப்படுவோரைத் தலைவராக ஏற்கின்றனர் எனச் சில இந்தியர் அவர்க்கு எடுத்துரைப்பதும் உண்டென அவர் கூறுகின்றார். சுவையான மறுமொழியே, ஆயினும் வசை அதனால் ஓயவில்லை. இதிலிருந்து நாம் பெறும் உண்மை ஒன்றுண்டு. அகராதிப் பொருள் எத்துணை உயர்ந்ததாயினும், அது ஒரு சொல்லை வசையாகாது காக்கமாட்டாது. வசை சொல்லின் பொருளிலன்று, சொல்வோருக்கும் சொல்லப்படுவோருக்கும் இடையேயுள்ள அதிகார உறவிலேயே பிறக்கின்றது.

இலங்கையில் இச்சொல்

இலங்கையின் நிலை சற்று வேறுபட்டது. இங்குக் கோப்பித் தோட்டங்களுக்கும், 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தபின் பெருகிய தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து தொழிலாளரைக் கொணர்ந்தது ஐந்தாண்டு ஒப்பந்தமன்று, கங்காணி முறை. அம்முறையின் கட்டு, கடன். கங்காணியின் குழுவினர் மீதுள்ள கடனைச் செலுத்துவோருக்கு அவர்களை விட்டுக்கொடுப்பதாகத் துரை எழுதிக் கொடுத்த சீட்டே ‘துண்டு’ எனப்பட்டது. இத்துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. அதுவரை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பியோருக்கு அவர்தம் கடனே விலையாக நின்றது.

சட்டமும் இவ்வழக்கினை ஏற்றது. 1889 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தொழிலாளர் என்பதற்குப் பொருள் வரையுமிடத்து, சாதாரணமாக ‘இந்தியக் கூலிகள்’ என அறியப்படுவோர் என்று விளக்கம் தருகின்றது. மக்கள் வழக்கிலுள்ள இழிசொல் சட்டத்தின் வாயிலாக உத்தியோகத் தகுதி பெறும் முறைக்கு இது தக்க சான்றாகும்.

மனிதரோடு அவர்தம் மொழியும் இப்பெயரைப் பெற்றது. தோட்டத்துரைமாருக்காக வெளியான தமிழ்ப் பயிற்சி நூல்களுள் ஒன்று, 1915 இல் வெல்ஸ் என்பவர் எழுதிய ‘கூலித் தமிழ்’. அதற்கு முன்னர், 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பேர்குசன் வெளியிட்ட கைந்நூலின் பெயர் ‘இங்கே வா’ என்பது. தமிழ் பன்மையாலும் மரியாதை விகுதியாலும் மக்களை வேறுபடுத்தி விளிக்கும் மொழி. வயதில் மூத்தோரை ‘வாருங்கள்’ என்றும், இளையோரை ‘வா’ என்றும் அழைப்பது நம் மரபு. சின்னத்துரைமார் கற்கத் தொடங்கிய தமிழ், மரியாதை விகுதி நீக்கப்பட்ட தமிழாயிருந்தது. நரைத்த தலையுடைய தொழிலாளியும், இருபது வயதுச் சின்னத்துரையின் வாயில், ‘வா’ என்னும் ஏவலுக்கே உரியவரானார்.

தோட்டத் தொழிலாளரின் பேச்சு வழக்கிலும் இவ்வுறவின் சுவடு உண்டு. ஒருநாள் வேலை செக்ரோலிற் பதியப்படுவதைப் ‘பேர்’ என்பர். குறித்த அளவு கொழுந்து பறிக்கத் தவறியவருக்குக் கிடைக்கும் அரைநாட் சம்பளம் ‘அரைப்பேர்’. ஆங்கிலத்தில் ஊதியத்தின் பெயர் ஆளுக்கு ஆயிற்று. தோட்டத்திலோ ஆளின் பெயர் ஊதியத்துக்கு ஆயிற்று. இரண்டும் ஒரே நிலைமையின் இரு பக்கங்களே.

வசையைப் பிறர் மேல் ஏற்றுதல்

வசைச்சொல் விளைக்கும் தீங்குகளுட் கொடியது, அது வசைக்குள்ளானோரிடையே தோற்றுவிக்கும் பிளவாகும். நேட்டாலில் வாழ்ந்த குஜராத்தி முஸ்லிம் வணிகர் தம்மை ‘அராபியர்’ என்றும், பார்சிகள் ‘பாரசீகர்’ என்றும் அழைத்துக்கொண்டனர் எனக் காந்தியடிகள் குறிப்பிடுகின்றார். ‘நாம் கூலிகள் அல்லேம்’ என்பதே அப்பெயர்களின் உட்பொருள். இத்தகைய மறுப்பு வசையை மறுப்பதாகத் தோன்றினும், உண்மையில் அதனை உறுதிப்படுத்துகின்றது. ‘நான் கூலி அல்லேன்’ என்பவர், கூலி என அழைக்கத்தக்கவர் வேறு சிலர் உளர் என்பதை ஒப்புக்கொண்டவராகின்றார்.

இலங்கைத் தமிழ்ச் சமூகத்தின் வரலாற்றிலும் இதற்கு ஒப்பான போக்கினைக் காண்கின்றோம். 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலிருந்து இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் தனித்தனியே கணக்கிடப்பட்டனர். நிருவாகத்தின் பொருட்டு எழுந்த இப்பிரிவு சமூக மதிப்பீடாகவும் மாறிற்று. ‘தோட்டக்காட்டான்’, ‘கள்ளத்தோணி’ என்னும் சொற்கள் மலையக மக்கள் மீது வீசப்பட்டன. அவற்றை வழங்கியோர் சிங்கள மொழியினர் மட்டுமல்லர். வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த தமிழரும் வழங்கினர். கல்வியும் உத்தியோகமும் பெற்ற வீடுகளில் தோட்டப்புறச் சிறுவர் சிறுமியர் வேலைக்கமர்த்தப்பட்டபோது இச்சொற்கள் அவ்வீடுகளின் அன்றாடப் பேச்சாயின. ஆங்கிலேயர் தமிழர் அனைவரையும் நோக்கிக் கூறத்தக்கதாயிருந்த வசையை, தமிழருள் ஒரு சாரார் மற்றொரு சாரார் மீது இறக்கிவைத்தனர் என்பதே இதன் பொருள்.

சொல் சொல்லளவில் நிற்பதில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் 1949 இல் நிறைவேறிய சட்டங்களாலும் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் பிரசாவுரிமையையும் வாக்குரிமையையும் இழந்தனர். அச்சட்டங்களை எதிர்ப்பதிற் தமிழ்த் தலைவரிடையே ஒருமைப்பாடு நிலவவில்லை. அக்கருத்து வேற்றுமை காரணமாகவே 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சி பிரிந்து தோன்றிற்று. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோரெனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கை இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை நீக்குதற்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு மக்கட் கூட்டத்தினரைத் தலைமுறை தலைமுறையாக ஆட்களாகக் கருதாது உழைப்பாகவே கருதிவந்த சமூகத்தில், அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிடுவது பெரும் அதிர்ச்சியாகத் தோன்றவில்லை. வசைச்சொல் சட்டத்தை ஆக்கிற்று என்று நாம் கூறவில்லை. சட்டத்தைச் சகிக்கும் மனத்தை அது முன்னரே பழக்கிவைத்தது எனலாம்.

மீட்பு முயற்சிகள்

வசையை எதிர்கொள்ளும் வழி குறித்து, அதற்குள்ளானோரின் வழித்தோன்றல்களிடையே இரு வேறு நோக்குகள் உள. முதலாவது, சொல்லைத் துணிந்து ஏற்றல். கயானாவைச் சேர்ந்த ராஜ்குமாரி சிங் 1973 இல் ‘நான் ஒரு கூலி’ எனும் தலைப்பிற் கட்டுரை எழுதி, மூதாதையரின் உழைப்பை நினைவூட்டும் பெயராக அதனை ஏற்குமாறு வேண்டினார். மொரிசியஸ் கவிஞர் கால் தொராபுல்லி 1992 இல் வெளியிட்ட நூலின் வாயிலாகக் ‘கூலித்துவம்’ எனத்தக்க கருத்தொன்றை முன்வைத்தார். கயானாவிற் பிறந்த கையூத்ரா பகதூர், ஒப்பந்தத் தொழிலாளியாகச் சென்ற தம் கொள்ளுப்பாட்டியைத் தேடி எழுதிய நூலுக்குக் ‘கூலிப் பெண்’ என்றே 2013 இற் பெயரிட்டார்.

இரண்டாவது, சொல்லை விலக்குதல். மொரிசியஸில் ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய இடம் முன்னர்க் ‘கூலித் துறை’ எனப்பட்டது. இன்று அது குடிவந்தோர் துறை எனப் பொருள்படும் ‘ஆப்ரவாசி காட்’ என்னும் பெயருடன், 2006 முதல் உலக மரபுரிமைச் சின்னமாக விளங்குகின்றது. இந்திய இரயில் நிலையச் சுமைதூக்குவோரை உதவியாளர் எனப் பொருள்படும் ‘சகாயக்’ என்னும் பெயரால் அழைப்பதென 2016 ஆம் ஆண்டு இரயில்வே வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. நம் நாட்டிலும் ‘தோட்டக் கூலி’ ‘தோட்டத் தொழிலாளி’யாகி, பின்னர் ‘மலையகத் தமிழர்’ என்னும் பெயர் அம்மக்களாலேயே நிலைநாட்டப்பட்டது. முன்னோர் நடந்த வழியே 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்கள் மேற்கொண்ட நடைபயணம் அப்பெயரின் பிரகடனமாகவும் அமைந்தது.

இவ்விரு நோக்குகளும் முரண்பட்டனபோலத் தோன்றினும், தமக்குரிய பெயரைத் தாமே தெரிவு செய்யும் உரிமை என்னும் ஒரே அடிப்படையில் நிற்பன. ராஜ்குமாரி சிங் தம்மைக் கூலி எனக் கூறலாம். அதனால் அவரைப் பிறர் அவ்வாறு அழைக்கும் உரிமை பெறுவதில்லை.

முடிவுரை

இவ்வாராய்ச்சியிலிருந்து எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் கொள்ளத்தக்கன சில உள. காலனித்துவ ஆவணங்களிற் காணப்படும் இச்சொல்லைத் தமிழாக்கும்போது, மேற்கோளுக்குள் அது ‘கூலி’ என்றே நிற்றல் வேண்டும். அதனைத் தொழிலாளி என மாற்றுதல், எழுதியவரின் நோக்கை மறைத்து வரலாற்றுக்கு வெள்ளை பூசுவதாகும். கட்டுரையாசிரியர் தம் கூற்றாக எழுதுமிடத்தோ தொழிலாளர் என்றே எழுதல் வேண்டும். அகராதி தொகுப்போர் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே தமிழ்ச் சொல்லை வாளா நிறுத்தாது, அது வசை என்பதையும் குறித்தல் வேண்டும்.

தமிழ்ச் சொல்லை நாம் கைவிட வேண்டியதில்லை. கூலி உயர்வு கேட்டல் இழிவன்று. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக 2021 இல் விதிக்கப்படுவதற்கு முன் ஆண்டுக்கணக்கான கோரிக்கையும் போராட்டமும் வேண்டியிருந்தன. கொடுக்கவேண்டிய கூலியை ஒழுங்காகக் கொடாத சமூகமே, அதனைக் கேட்போருக்கு அதனையே வசைப்பெயராகச் சூட்டியது. ஆதலின், பெயரை மாற்றுவது மட்டும் இவ்வசைக்கு மருந்தாகாது. உழைப்போரின் ஊதியமும் இருப்பிடமும் உரிமையும் மாறாதவிடத்து, புதிய பெயரும் காலப்போக்கில் வசையாகும். ‘தோட்டம்’ என்னும் நல்ல சொல்லுக்கு நேர்ந்த கதி அதற்குச் சான்று. வேலைக்குரிய விலை வேறு, வேலை செய்யும் மனிதர் வேறு என்னும் வேறுபாட்டினைத் தமிழ் தன் சொல்லமைப்பிற் காத்து வந்துள்ளது. அதனை நம் பேச்சிலும் நடத்தையிலும் காத்தல் தமிழ் கற்ற நம் அனைவரின் கடமையாகும்.